ரூபியின் மூக்கு

எனக்கு வாசனை தெரியாது. கொரோனாக் காய்ச்சலில் படுத்து எழுந்த நாளிலிருந்து தெரியாது. என் மூக்கு செத்த மூக்கு. அதை மறைத்துக்கொண்டு ஒரு தோட்டத்து அகில் மரங்களை முகர்ந்து பார்ப்பதாக நடித்து, ‘முற்றிவிட்டது, வெட்டலாம்’ என்று சொன்னேன். வெட்டினார்கள். முற்றவில்லை என்று கண்டுசொன்ன ஒரே ஒருத்தி என் மைத்துனன் மகள். அவளுடைய மூக்குதான் செத்துவிட்டது என்று அவளையே நம்பவைத்தேன்.

நான் செய்தது இதுதான். இனி சொல்லப்போவதெல்லாம் வெறும் விவரம். படிக்கப் படிக்க உங்களுக்குக் குமட்டினால் அது நியாயம். எனக்கே குமட்டுகிறது...

ஆம்பூரில் இருக்கிறேன். இளவயதில் பஜாரில் ஓர் அத்தர் கடையில் வேலை பார்த்தேன். அத்தர், சாம்பிராணி, அகில் கட்டை. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் அகில் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். ஒரு சிட்டிகையைத் தணலில் போட்டு, புகையை உள்ளே இழுத்து, எந்த ரகம் என்று சொல்லிவிடுவேன். கடைக்காரரின் பிள்ளைகள் பெங்களூருக்குப் போனபின் கடை மூடப்பட்டது. ஆனால் என் மூக்கின் பெயர் மட்டும் ஊரில் நின்றுவிட்டது.

அப்போதுதான் இந்தப் பக்கத்தில் சிலர் ஏதோ ஒரு கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்டு அகில் கன்று நட்டிருந்தார்கள். அகில் மரத்தைப் பற்றி நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆரோக்கியமான அகில் மரத்துக்கு மணமே கிடையாது. உள்ளே வெள்ளை வெளேரென்று ஒன்றுக்கும் உதவாத கட்டை. அதைத் துளைபோட்டுக் காயப்படுத்தி, பூஞ்சை கலந்த மருந்தை உள்ளே செலுத்த வேண்டும். காயத்தை ஆற்றிக்கொள்ள மரம் ஒரு பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் அகில். ஊறுவதற்கு ஆண்டுகள் ஆகும். எத்தனை ஆண்டு என்பதை மரம்தான் அறியும். முன்னால் வெட்டினால் விறகு. வெட்டினபின் ஒட்டவைக்க முடியாது!

கண்ணுக்குச் சில அடையாளங்கள் உண்டு. உச்சி இலை மஞ்சளாகும். கொப்பு காயும். துளையைச் சுற்றிப் பட்டை தடிக்கும். டிரில் போட்டால் வருகிற தூள் வெள்ளையிலிருந்து பழுப்பாகி, பிறகு கறுக்கும். ஆனால் மழைத்தண்ணீர் துளைக்குள் இறங்கி மரம் அழுகினாலும் இலை மஞ்சளாகும், தூள் கறுக்கும். அழுகலையும் பிசினையும் கண்ணால் பிரிக்க முடியாது. தணலில் போட்டு முகர வேண்டும். அங்கேதான் நான் தேவைப்பட்டேன். என்னைக் கேட்காமல் ரம்பத்தை எடுக்கமாட்டார்கள். வண்டி வைத்து அழைத்துப்போவார்கள். நான் கண்ணை மூடி முகரும்போது பெரிய மனிதர்களெல்லாம் மூச்சுகூட விடாமல் நிற்பார்கள்... அந்த நிமிடத்துக்காகவே நான் உயிரோடு இருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு அந்தக் காய்ச்சல். எனக்கும் வந்தது, என் மனைவி கிரேஸுக்கும் வந்தது. இருவருக்கும் வாசனை போயிற்று. சில வாரம் கழித்து ஒரு காலையில் அவள் காப்பித்தூள் டப்பாவைத் திறந்துவிட்டு அழுதாள். வாசனை திரும்பிவிட்டதாம். உங்களுக்கு, என்று கேட்டாள். எனக்கும் வந்துவிட்டது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். நாளைக்கு வரப்போவதை இன்றைக்குச் சொல்வது பொய்யா, என்ன? அப்படித்தான் ஆரம்பித்தது. நாளை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிறகு சொல்வதற்கு வழி அடைத்துப்போயிற்று.

நடிப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா! தோல் பதனிடும் தொழிற்சாலைகளைத் தாண்டிப் பேருந்து போகும்போது எல்லோரும் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்துவார்கள். நானும் பொத்துவேன். மற்றவர்களைப் பார்த்துவிட்டுத்தான் பொத்த வேண்டும் என்பதால் ஒரு கணம் பிந்தும். யாரும் கவனித்ததில்லை. அழுகிய தோலின் நாற்றம் என்னைச் சூழ்ந்திருக்கும். எனக்கோ அது வெறும் காற்று. என் சட்டையின் வியர்வை எனக்குத் தெரியாது. என் வாய் நாறுகிறதா என்பது தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்க ஆரம்பித்தேன். சுத்தக்காரர் என்று பெயர் வந்தது. எதைச் செய்தாலும் எனக்கு நல்ல பெயர்தான் வந்தது. சீ!

என் மைத்துனன் தேவநேசன், கிரேஸின் அண்ணன். மாதனூர் பக்கம் கொஞ்சம் நிலம். வயதெல்லாம் தோல் தொழிற்சாலையில் தோல் ஊறவைக்கும் டிரம் ஓட்டினவன். ஈரத் தோலையும் ரசாயனத்தையும் அள்ளி அள்ளி அவன் விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, ஆறி, மறுபடி புண்ணாகி, கடைசியில் கையே வேறு யாருடைய கை மாதிரியோ ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு நிலத்தில் அகில் நட்டான். கம்பெனி ஆள் வந்து துளை போட்டு மருந்து ஏற்றிவிட்டுப் போனவன், அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. எப்போது வெட்டுவது என்று சொல்ல ஆளில்லை. என்னைத் தவிர.

அவனுக்கு ஒரே மகள் ரூபி. பள்ளி முடித்ததும் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்டாள். முடியவில்லை. ஷூ கம்பெனியில் சேர்ந்தாள். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். பேஸ்டிங் செக்‌ஷன். நாள் முழுக்க சொல்யூஷன் தடவி அடித்தோலை மேல்தோலோடு ஒட்டும் வேலை. மரம் வெட்டினதும் அவளை வேலையிலிருந்து நிறுத்தி நர்ஸிங்கில் சேர்த்துவிடுவேன் என்று தேவநேசன் சொல்லிக்கொண்டே இருப்பான். அவள் அதைக் கேட்டுச் சிரிப்பாள். நம்பினாளா என்று தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மரங்களுக்கிடையே அவள்தான் அதிகம் நடந்தாள். எந்த மரத்தில் எறும்பு ஏறுகிறது, எதில் இலை கொட்டுகிறது என்று அவளுக்கு அத்துப்படி.

போன ஆண்டு மழை அதிகம். மழை விட்டபின் பல மரங்களில் இலை மஞ்சளாயிற்று. தேவநேசன் என்னைக் கூப்பிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து தோட்டத்துக்குப் போனோம். மஞ்சளான மரங்களில் டிரில் போட்டோம். தூள் கறுப்பாக வந்தது. தேவநேசனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! ஒரு மரத்தின் துளை ஓரத்திலிருந்து சில்லு பெயர்த்தேன். ஓட்டுச்சில்லில் தணல் கொண்டுவரச் சொன்னேன். தேவநேசன், அவன் மனைவி, கிரேஸ், பக்கத்து நிலத்துக்காரர், ரூபி... எல்லோரும் சுற்றி நின்றார்கள். சில்லைத் தணலில் வைத்தேன். ஓரத்தில் நுரை கட்டியது. எண்ணெய் கக்கினாலும் நுரைக்கும், ஈரக்கட்டையும் நுரைக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணெய் என்று நினைத்துக்கொண்டேன். புகை எழுந்தது. கண்ணை மூடினேன். இழுத்தேன்.

ஒன்றுமில்லை. சுவரை முகர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இப்போது சொல்லியிருக்கலாம். ‘மச்சான், காய்ச்சலுக்கப்புறம் எனக்கு மூக்கு வேலை செய்யவில்லை, வேறு யாரையாவது பார்க்கச் சொல்லு.’ ஒரு வாக்கியம்! அதைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவநேசன் என் முதுகைத் தட்டியிருப்பான். கிரேஸ் திட்டியிருப்பாள். அவ்வளவுதான். உலகம் ஒன்றும் கவிழ்ந்திருக்காது.

நான் கண்ணைத் திறக்காமலே மெதுவாகத் தலையாட்டினேன். உதட்டில் ஒரு சிரிப்பையும் வரவழைத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெட்டலாம் என்றேன். எல்லாவற்றையுமா என்று தேவநேசன் கேட்டான். எல்லாவற்றையும் என்றேன்.

அப்போது ரூபி குனிந்து புகையை முகர்ந்தாள். நெற்றி சுருங்கியது. மறுபடி முகர்ந்தாள்.

“மாமா, இது மழையில நனைஞ்ச கோணி மாதிரி நாத்தம் வருது. நல்லா இல்ல. மத்த மரத்தையெல்லாம் இப்ப தொட வேணாம், கொஞ்சம் விட்டுப் பாக்கலாமே” என்றாள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்கு உள்ளபடி சொல்கிறேன். அவள் சொல்வது சரி என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. கோணி நாற்றம் என்றால் அழுகல். கடையில் நான் எத்தனையோ முறை அந்தக் கட்டையைத் தூக்கி வீசியிருக்கிறேன். அவள் சரி, நான் தவறு. அது தெரிந்த அதே கணத்தில்தான் அவளை ஒழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒழிப்பதற்கு ஆயுதம் தேடினேன். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என் சொந்த மூக்கு!

சிரித்துக்கொண்டே சொன்னேன். “நீ தினம் அந்த சொல்யூஷன் நெடியிலயே நிக்கிறவ. உன் மூக்கு செத்துப்போயி எவ்ளோ நாளாச்சோ. உனக்கு இன்னா தெரியும்?”

பக்கத்து நிலத்துக்காரர் சிரித்தார். தேவநேசனின் மனைவியும் சிரித்தாள். ரூபியின் முகம் சிவந்தது. தன்னையறியாமல் ஒரு கையால் மூக்கைத் தொட்டுக்கொண்டாள்.

என்னிடம் இருந்த ஊனத்தை எடுத்து அவள் முகத்தில் ஒட்டினேன். அவள் பிழைப்பைச் சொல்லி ஒட்டினேன். அவள் ஆசைப்பட்டா அந்த வேலைக்குப் போனாள்?

மரங்களை வெட்டினார்கள். ரம்பம் ஓடின நாட்களில் நான் போகவில்லை. முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்தபோது மட்டும் போக வேண்டியதாயிற்று. வெட்டிக் கிடந்த கட்டைகளை அவர் சுரண்டினார், பிளந்தார், ஒரு சில்லைப் பற்றவைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அழுகல்ங்க” என்றார்.

அழுகாத மரங்களையும் பிளந்து காட்டினார். வெள்ளைக் கட்டைக்குள் பழுப்பு நூல் மாதிரி ஒரு கோடு. பிசின் இப்போதுதான் ஊற ஆரம்பித்திருந்தது. இன்னும் சில வருஷம் நிற்க விட்டிருந்தால் நல்ல மாலாக வந்திருக்கும், யார் வெட்டச் சொன்னது என்று கேட்டார். அவர் யாரையும் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

தேவநேசன் என்னைப் பார்த்தான். அந்தக் கையால் ஒரு கட்டையைத் தடவிக்கொண்டே பார்த்தான்.

கம்பெனிக்காரன் ஏற்றின மருந்தில்தான் கோளாறு என்றேன். மடமடவென்று பேசினேன். நான் பார்த்த சில்லு நல்ல சில்லுதான். அதற்குக் கீழே அழுகியிருந்தால் மேலே எப்படித் தெரியும். மருந்து சரியில்லை என்றால் நிற்கவிட்டாலும் இதே கதிதான் ஆகியிருக்கும்... வியாபாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுத்துப் பேசவில்லை. அவருக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது.

அவர் போனபின் தேவநேசன் என்ன செய்தான் தெரியுமா? என் தோளில் கை வைத்தான்.

“வுடு மாப்ள. உன்னால இன்னா பண்ண முடியும்? நீ பேஜாராவாத” என்றான்.

என்னைத் தேற்றினான்! அவன் என் கழுத்தைப் பிடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. நான் கண்களைத் துடைத்துக்கொண்டேன். அந்தக் கண்ணீரும் நடிப்பா, நிஜமா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

சில நாள் கழித்து ரூபி ஆம்பூருக்கு என் வீட்டுக்கு வந்தாள். கிரேஸ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். கம்பெனி யூனிஃபார்மோடு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மரத்தைப் பற்றியோ நர்ஸிங் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை.

“மாமா, உண்மைய சொல்லுங்க. அன்னிக்கி எனக்கு நெஜமாவே அந்த நாத்தம் வந்துச்சு. உங்களுக்கு வரவே இல்லியா?”

வாசல் திறந்திருந்தது. வீட்டில் வேறு யாருமில்லை. அவமானப்படுவதற்கு ஊர்கூட இல்லை. கடவுள் இதைவிட வசதியாக ஒரு மனிதனுக்குத் தருணத்தை அமைத்துத் தர முடியுமா?

“வரலம்மா. அந்தத் துண்டு நல்ல துண்டு. தேன் மாதிரி வாசன வந்துச்சு. உனக்குத்தான் தெரியல” என்றேன்.

தேன் மாதிரி! அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? பொய்க்கு மெருகு ஏற்றினேன். தொழில் தெரிந்தவன் அல்லவா!

அப்போ எனக்குப் போயிடுச்சுதான் போல, என்று தனக்குத்தானே சொன்னாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனாள்.

அதற்குப்பின் நடந்ததெல்லாம் கிரேஸ் வழியாக என் காதுக்கு வந்தது. ரூபி பால் திரிந்துவிட்டதா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கிறாள். கம்பெனியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பக்கத்தில் இருக்கிறவளிடம் நீட்டி, இது நல்லா இருக்கா பாரு என்கிறாள். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு நாலு தடவை போய்ப் பார்க்கிறாள். தேவநேசனோ ஒடிந்துபோனான். மரம் போனதற்காக அல்ல. ‘நான்தான் அவளை அந்த நெடிக்கு அனுப்பி மூக்கைக் கெடுத்துவிட்டேன்’ என்று தங்கையிடம் சொல்லி அழுதானாம். நடக்காத ஒரு கேட்டுக்காக ஒரு தகப்பன் அழுதிருக்கிறான். அந்தக் கேட்டை இட்டுக்கட்டிய நான் திண்டிலே சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்!

வேலூரில் ஒரு மூக்கு டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனார்கள். நானும் துணைக்குப் போனேன். போகாவிட்டால் நன்றாக இருக்காது அல்லவா? நர்ஸ் சின்னச் சின்ன புட்டிகளோடு அறைக்குள் போனபோது எங்கே என்னிடமும் ஒன்றை நீட்டிவிடுவாளோ என்று பயந்து, டீ குடிக்க வெளியே போய்விட்டேன். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னாராம். தேவநேசனுக்குச் சந்தோஷம். ரூபி மட்டும் நம்பவில்லை. காப்பித்தூளும் கற்பூரமும் யாருக்குத்தான் தெரியாது, மாமாவுக்குத் தெரிஞ்ச அந்த வாசனை எனக்குத் தெரியலியே, என்றாள். டாக்டரை விட, அந்தப் புட்டிகளை விட, என்னை நம்பினாள்.

இப்போது நான் மரம் பார்க்கப் போவதில்லை. கூப்பிட்டால் முட்டிவலி என்கிறேன். அவ்வளவு தெரிந்தும் அடக்கமாக ஒதுங்கிவிட்டார் என்று பேசிக்கொள்கிறார்களாம். கேட்கும்போது துப்ப வேண்டும்போல இருக்கும். யார்மேல் துப்புவது?

போன ஞாயிறு தேவநேசன் வீட்டில் சாப்பாடு. கிரேஸ் முன்னாலேயே போய்விட்டாள். நான் தாமதமாகத்தான் போனேன். உறவுக்காரக் குழந்தைகளெல்லாம் வந்திருந்தார்கள். முந்தின நாள் வைத்த கறிக்குழம்பு ஃபிரிட்ஜில் மீதி இருந்தது. இடையில் வெகுநேரம் கரண்ட் போயிருந்ததாம். ரூபி பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“மாமா, இத கொஞ்சம் பாருங்க. எனக்கு நல்லாத்தான் இருக்கிற மாதிரி இருக்குது. ஆனா என் மூக்க நம்பி கொழந்தைங்களுக்குப் போட முடியாது.”

குனிந்தேன். சுவர். மறுபடியும் அதே சுவர்.

நல்லது என்று சொல்லி, கெட்டதாக இருந்துவிட்டால்? குழந்தைகள் படுத்துவிட்டால்? நான் மாட்டிக்கொள்வேனே... குழந்தைகளை முதலில் நினைத்தேனா, மாட்டிக்கொள்வதையா? உங்களுக்கே தெரிந்திருக்கும்.

“கெட்டுப்போச்சு. கொட்டிடு” என்றேன்.

அவள் பாத்திரத்துக்குள் இன்னொரு முறை முகர்ந்தாள். எனக்குத் தெரியலியே மாமா, என்றாள். குரலில் கோபம் இல்லை. வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவைத்தாள். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தாள்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நானும் கிரேஸும் மட்டும் நின்றோம். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அந்தக் கொழம்ப காலைல நான்தான் சூடு பண்ணேன். ருசிகூடப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

நான் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

“உங்களுக்கு வாசன தெரியுதா?” என்று கேட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

“தெரியுதே” என்றேன்.

பஸ் வந்தது. ஏறி வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்தோம். அன்றிலிருந்து இன்றுவரை சமையலறையில் எதையும் முகர்ந்து பார்க்கச் சொல்லி அவள் என்னைக் கூப்பிடவில்லை. ரூபி மட்டும் நேற்றுக்கூடக் கிரேஸுக்குப் போன் செய்தாள். வீட்டில் தயிரைத் தொட்டால்கூடப் புளித்திருக்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகமாம். அடுத்த ஞாயிறு மாமா வருவாரா என்று கேட்டாளாம்.

வருவார் என்று கிரேஸ் சொல்லியிருக்கிறாள்.